தாளில் ஏறாத காயம்

2020 ஜனவரி 8. மேற்கு இராக்கில், அன்பார் மாகாணத்துப் பாலைவெளியில் இருக்கும் அல்-அசாத் விமானத் தளத்தின்மீது பொழுது விடியுமுன் ஈரானிய ஏவுகணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. மொத்தம் 11. ஐந்து நாளைக்கு முன் பாக்தாத் விமான நிலையத்தருகே ஈரானியத் தளபதி காசிம் சுலைமானியை அமெரிக்கா கொன்றதற்கு அது பதிலடி. தாக்குதல் வரப்போகிறது என்ற தகவல் சில மணி நேரம் முன்பே எட்டிவிட்டதால் விமானங்களையும் ஆட்களில் பலரையும் அப்புறப்படுத்த முடிந்தது. தளத்தைக் காக்க வேண்டியவர்கள் மட்டும் தங்கினார்கள். அவர்கள் ஒதுங்கிய கான்கிரீட் காப்பறைகள் பலவும் கிளர்ச்சிக் குழுக்கள் வீசும் சிறு ராக்கெட்டுகளைத் தாங்கவே கட்டப்பட்டவை. வந்து விழுந்தவையோ ஆயிரம் பவுண்டுக்கு மேல் எடையுள்ள வெடிமுனை கொண்ட ஏவுகணைகள். யாரும் சாகவில்லை. ரத்தம் கொட்டும் பெரிய காயம் எதுவும் யார் கண்ணிலும் படவில்லை.

அன்று காலையே அதிபர் டிரம்ப் தொலைக்காட்சியில் தோன்றி, அமெரிக்கர் ஒருவருக்கும் தீங்கில்லை என்று நாட்டுக்குச் சொன்னார். சில நாளில் தலைசுற்றல், காதிரைச்சல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, மறதி என்று ஆட்கள் மருத்துவரிடம் வரத் தொடங்கினார்கள். பென்டகன் முதலில் 11 பேர் என்றது. பிறகு 34, 50, 64 என்று எண்ணிக்கை ஏறி 109-க்குப் போனது. எல்லாம் வெடிப்பின் காற்றழுத்தத்தால் மூளைக்கு ஏற்பட்ட காயம். எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தபோது, தலைவலி என்று கேள்விப்பட்டேன், அவ்வளவு கடுமையானதாக நினைக்கவில்லை என்ற பொருளில் அதிபர் பேசியதற்கு முன்னாள் படைவீரர் சங்கம் மன்னிப்புக் கேட்கச் சொன்னது.

அந்த ஆண்டு மே மாதத்தில் அவர்களில் 29 பேருக்கு 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கம் வழங்கப்பட்டது. எதிரியால் காயம்பட்ட, அல்லது கொல்லப்பட்ட அமெரிக்கப் படைவீரருக்கு உரிய பதக்கம் அது. மீதிப் பேர்? 2021 நவம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சி அதைக் கிளறியது. காயத்தைக் குறைத்துக் காட்டும்படி தங்களுக்கு அழுத்தம் இருந்தது என்று சிலர் அதில் சொன்னார்கள். அடுத்த மாதமே கென்டக்கி மாநிலத்து ஃபோர்ட் நாக்ஸில் இருக்கும் ராணுவத்தின் மனிதவளக் கட்டளையகம் கோப்புகளை மறுபடி பார்த்து இன்னும் 39 பேருக்கு ஒப்புதல் கொடுத்தது. ஒரே இரவு, ஒரே தளம், ஒரே எதிரி. ஒரு பட்டியலுக்கும் மற்றதற்கும் நடுவே ஒன்றரை ஆண்டுக்கும் மேல் ஓடிவிட்டது. இந்த இடைவெளியில் காயம் புதிதாக எதுவும் ஆகிவிடவில்லை. அதைப் பற்றிய காகிதங்களை யார், எப்படிப் படித்தார்கள் என்பது மட்டும்தான் மாறியது.

இந்தக் கட்டுரை அந்தக் காகிதங்களைப் பற்றியது.

அமெரிக்க ராணுவத்தின் விருது விதிப்புத்தகத்தில் பர்ப்பிள் ஹார்ட்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. மற்ற விருதுகளுக்கு மேலதிகாரி பரிந்துரைக்க வேண்டும். வீரச்செயல் எவ்வளவு பெரியது என்று யாராவது எடைபோட வேண்டும். இதற்குப் பரிந்துரை கிடையாது. நிபந்தனை பொருந்தினால் பதக்கம் அவருடைய உரிமை. வீரமாகச் சண்டையிட்டாரா, பயந்து படுத்திருந்தாரா என்ற கேள்வியே எழாது. காயத்தின் அளவும் கணக்கில்லை. கால் போனவருக்கும் முழங்கையில் குண்டுச் சிதறல் தைத்தவருக்கும் அதே பதக்கம்தான். வெளியே தெரியும் புண்கூட கட்டாயமில்லை.

நிபந்தனைகள் மூன்று. எதிரியின் செயலால் காயம் ஏற்பட்டிருக்க வேண்டும். ராணுவ மருத்துவ அதிகாரி சிகிச்சை தரவேண்டிய அளவுக்கு அது இருந்திருக்க வேண்டும். அந்தச் சிகிச்சை அப்போதே அதிகாரப்பூர்வப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். முதலிரண்டும் சண்டைக்களத்தில் தீர்மானமாகிவிடுகின்றன. பல்லாண்டு கழித்து மனுப் போடுகிறவரை மடக்குவது மூன்றாவது.

குண்டு பாயும்போது அருகில் மருத்துவ அதிகாரி இருப்பது அபூர்வம். படைப்பிரிவோடு போகும் மருத்துவ உதவியாளர்தான் ஓடிவருவார், கட்டுப்போடுவார், மார்ஃபின் ஊசி போடுவார், அடுத்தவரிடம் ஓடுவார். லேசான காயம் என்றால் கட்டோடு மறுபடி துப்பாக்கியைத் தூக்கிக்கொள்வதுதான் வழக்கம். இதை விதி முழுக்க மறந்துவிடவில்லை. மருத்துவ அதிகாரி அல்லாத ஒருவர் சிகிச்சை தந்திருந்தாலும், மருத்துவ அதிகாரி இருந்திருந்தால் அவரே பார்த்திருக்க வேண்டிய காயம் இது என்று ஒரு மருத்துவ அதிகாரி பதிவில் எழுதினால் ஏற்கலாம் என்கிறது. ஆக, வராத மருத்துவருக்குப் பதிலாகப் பிறகு வந்த மருத்துவர் எழுத வேண்டும். அவரும் எழுதாவிட்டால் காயம் உடம்பில் வடுவாக நிற்கும், கோப்பில் இராது. விதியை எழுதியவர்களின் உள்நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இதில் ஒரு தலைகீழ் நியாயம் இருக்கிறது: காயத்தோடு சண்டையைத் தொடர்ந்தவருக்குச் சான்று குறைவு, உடனே பின்னால் அனுப்பப்பட்டவருக்குச் சான்று அதிகம்.

விண்ணப்பம் போட்டுப் பதக்கம் கேட்பது ஏதோ பிற்காலத்து வழக்கம் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பதக்கம் பிறந்ததே விண்ணப்பத்தோடுதான். ஜார்ஜ் வாஷிங்டன் 1782 ஆகஸ்ட் 7 அன்று நியூயார்க்கின் நியூபர்க் பாசறையிலிருந்து 'ராணுவத் தகுதிச் சின்னம்' என்ற ஒன்றை அறிவித்தார். ஊதா நிறத் துணியில் வெட்டிய இதயம். சட்டையின் இடது மார்பில் தைத்துக்கொள்ள வேண்டும். அது காயத்துக்கானது அல்ல, சிறப்பான செயலுக்கானது. சாதாரணச் சிப்பாய்களை மனத்தில் வைத்து ஏற்படுத்தியது. பெற்றதாக உறுதியாகத் தெரிகிறவர்கள் மூன்றே பேர், மூவரும் கனெக்டிகட் பகுதி சார்ஜெண்டுகள். பிறகு 150 ஆண்டுகள் அது யாருக்கும் வழங்கப்படவில்லை. 1932 பிப்ரவரி 22, வாஷிங்டனின் இருநூறாவது பிறந்தநாளன்று, அப்போது தரைப்படைத் தலைவராக இருந்த டக்ளஸ் மெக்ஆர்தர் அதைப் பதக்கமாக உயிர்ப்பித்தார். எலிசபெத் வில் வரைந்த வடிவம். முதல் பதக்கம் மெக்ஆர்தருக்கே போனது, பின்புறத்தில் எண் 1 பொறித்து.

அப்போது முதல் உலகப்போர் முடிந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. காயம்பட்டவர்கள் ஊர்திரும்பி வயலிலும் ஆலையிலும் இருந்தார்கள். பொருளாதாரப் பெருமந்தத்தில் பலருக்கு வேலையுமில்லை. போர்க்காலத்தில் காயத்துக்கு அடையாளமாகச் சட்டையின் வலது கைப்பட்டையில் 'வி' வடிவத் தங்க நிறப் பட்டை தைத்துக் கொடுத்திருந்தார்கள். அந்த உரிமை உள்ளவர்கள் எழுதிப்போட்டால் புதிய பதக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. 1932 மே 28 அன்று நியூயார்க்கின் நியூ வின்ட்சரில் 137 பேர் ஒன்றாக நின்று வாங்கிக்கொண்டார்கள். அன்று சிறப்புச் சேவைச் சான்றிதழ் வைத்திருந்தவர்களும் பதக்கத்துக்கு உரியவர்களே. 1942இல் சிறப்புச் சேவைக்கென்று வேறொரு விருது வந்தபின்தான் பர்ப்பிள் ஹார்ட் காயத்துக்கு மட்டும் என்று சுருங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் ரூஸ்வெல்ட் அதைக் கடற்படைக்கும் விரித்தார்.

முதல் உலகப்போரில் காயம்பட்டவர்களில் இந்தப் பதக்கம் பிறக்குமுன்பே இறந்துபோன ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹென்றி ஜான்சன் நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியின் ரயில் நிலையத்தில் சுமை தூக்கியவர். 1917 ஜூனில் கறுப்பினத்தவருக்கான நியூயார்க் படைப்பிரிவு ஒன்றில் சேர்ந்தார். அது பின்னால் 369ஆம் காலாட்படையானது. வெள்ளைச் சிப்பாய்களோடு இவர்களைச் சேர்த்துப் போரிடவைக்க அமெரிக்கத் தலைமை தயங்கியதால் பிரெஞ்சுப் படையின் கீழ் விட்டார்கள். தலையில் பிரெஞ்சு இரும்புத் தொப்பி, கையில் பிரெஞ்சுத் துப்பாக்கி. 1918 மே 15 அதிகாலை, ஆர்கோன் காட்டோரம் ஜான்சனும் நீதம் ராபர்ட்ஸும் காவல் நின்ற இடத்தில் கம்பி வெட்டும் ஓசை கேட்டது. குறைந்தது 12 பேர் கொண்ட ஜெர்மானியக் கூட்டம். ராபர்ட்ஸ் முதலிலேயே அடிபட்டு விழுந்தார். ஜான்சன் கையெறிகுண்டுகளை வீசித் தீர்த்தார், சுட்டார், துப்பாக்கி சிக்கிக்கொண்டதும் அதைத் திருப்பி அடித்தார். ராபர்ட்ஸை இழுத்துக்கொண்டு போக முயன்றவர்கள்மீது இடுப்பிலிருந்த போலோ கத்தியோடு பாய்ந்தார். விடிந்து பார்த்தபோது அவர் உடம்பில் 21 காயங்கள்.

பிரான்ஸ் தன் போர்ச் சிலுவை விருதைக் கொடுத்தது. 1919 பிப்ரவரி 17 அன்று அவருடைய படைப்பிரிவு நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் அணிவகுத்தது. ஆனால் அவருடைய சொந்த ராணுவம் ஒரு பதக்கமும் தரவில்லை. 1929 ஜூலையில் வாஷிங்டனில் இறந்தார். பர்ப்பிள் ஹார்ட் வந்தது 1996இல். 2015 ஜூனில் ஒபாமா நாட்டின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானரையும் வழங்கினார். இந்த இரண்டாவதற்குக் கால வரம்பு உண்டு. அதை நீக்க நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அதற்கும் முன்னால் காகிதம் வேண்டியிருந்தது. ஆல்பனியில் அவருக்காகப் பல்லாண்டு போராடியவர்களின் கோரிக்கை சான்று போதாது என்று ஒருமுறை திரும்பி வந்தது. பிறகு செனட்டர் சக் ஷூமரின் அலுவலகத்தார் பழைய ஆவணங்களைத் துழாவி, தலைமைத் தளபதி பெர்ஷிங் அப்போது அனுப்பிய ஓர் அறிக்கையைக் கண்டெடுத்தார்கள். ஜான்சன் செய்ததைத் தலைமைத் தளபதியே எழுதியிருந்தார். ஊரே அறிந்த, செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதிய ஒரு சண்டைக்கே ஒரு தாள் தேட இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. பேரில்லாத ஒரு சிப்பாயின் கதையை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

பேரில்லாத சிப்பாய்களின் தாள்களுக்கு நேர்ந்தது தனிக்கதை. மிசூரி மாநிலத்து செயின்ட் லூயி நகரையடுத்த ஓவர்லேண்டில் ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகம் இருந்தது. உலக வர்த்தக மையக் கோபுரங்களைப் பின்னால் வடிவமைத்த மினோரு யமசாக்கி பங்கேற்று உருவாக்கிய கட்டடம். ஆவணங்கள் இருந்த தளங்களில் தீத்தடுப்புச் சுவர் இல்லை. தானாக நீர் தெளிக்கும் குழாயும் இல்லை. நீர்க்கசிவால் தாள்கள் பாழாகிவிடுமோ என்று அந்தக் காலத்து ஆவணக் காப்பாளர்களில் பலர் அஞ்சினார்கள். 1973 ஜூலை 12, நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்களில் ஆறாம் தளம் பற்றிக்கொண்டது. முழுவதும் அணைந்ததாக அறிவிக்க நான்கு நாள் ஆயிற்று. எரிந்தவை 160 முதல் 180 லட்சம் கோப்புகள். 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் 80 விழுக்காடு. இரண்டு உலகப் போர்களும் கொரியப் போரும் அதற்குள் அடக்கம். நகல் எடுத்து வைக்கவில்லை, நுண்படமும் எடுக்கவில்லை, என்னென்ன இருந்தன என்ற பட்டியலும் கிடையாது.

தீக்குத் தப்பியவற்றைத் தீயணைப்பு வண்டிகளின் தண்ணீர் நனைத்திருந்தது. செயின்ட் லூயியின் ஜூலை வெக்கையில் பூஞ்சை பிடிக்குமுன் காயவைத்தாக வேண்டும். மெக்டொனல் டக்ளஸ் நிறுவனத்தில் விண்வெளிப் பயணத்துக்கான சோதனைகளுக்கென்று ஒரு வெற்றிடக் கூடம் இருந்தது. பால் பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் கூடைகளில் ஈரக் கோப்புகளைப் போட்டு, ஒரு தடவைக்குச் சுமார் 2,000 கூடை என்று அதற்குள் வைத்து நீரை உறிஞ்சினார்கள். இப்படி 65 லட்சம் கோப்புகள் வரை மீட்டிருக்கிறார்கள். ஓரம் கருகிய அந்தத் தாள்களைச் செயின்ட் லூயியில் இன்றும் கையுறை அணிந்த பணியாளர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுத்தம் செய்கிறார்கள்.

கோப்பு எரிந்தவருக்கு மாற்று வழிகள் சில உண்டு. கடைசிச் சம்பளச் சீட்டு வேறிடத்தில் இருந்ததால் பிழைத்தது. படைப்பிரிவின் அன்றாட அறிக்கைகளில் இன்னார் மருத்துவமனைக்குப் போனார், இன்னார் திரும்பினார் என்று ஒற்றை வரிகள் இருக்கும். 1988இல் எதிர்பாராத ஒன்று கிடைத்தது: ராணுவத் தலைமை மருத்துவர் அலுவலகம் 1942-45, 1950-54 காலத்து மருத்துவமனைச் சேர்க்கைகளைப் புள்ளிவிவர ஆய்வுக்காகக் கணினி நாடாக்களில் ஏற்றிவைத்திருந்தது தெரியவந்தது. ஏறத்தாழ ஒரு கோடிப் பதிவுகள். பெயர் கிடையாது, சேவை எண் மட்டும். நோய் அல்லது காயம் சங்கேத எண்ணில் இருக்கும். யாரோ ஆய்வாளர் எண்ணிக்கை எடுப்பதற்காகச் செய்த வேலை, அரை நூற்றாண்டு கழித்து ஒரு முதியவரின் மார்பில் பதக்கம் ஏறக் காரணமாகிறது. காப்பகங்களின் வரலாற்றில் இது அடிக்கடி நடப்பதுதான்: காப்பாற்ற வேண்டும் என்று வைத்தது போய்விடும், ஏதோ வேலைக்கென்று எழுதியது மிஞ்சும்.

இத்தனைக்கும் பதக்கத்துக்குத் தட்டுப்பாடு கிடையாது. ஜப்பான்மீது படையெடுத்தால் ஏராளமானோர் சாவார்கள், காயம்படுவார்கள் என்று கணக்கிட்டு இரண்டாம் உலகப்போரின்போது 15 லட்சம் பதக்கங்கள் வரை அடித்தார்கள். படையெடுப்பு நடக்காமலே போர் முடிந்தது. ஏறத்தாழ 5 லட்சம் மிஞ்சியது. கொரியா, வியட்நாம் தாண்டியும் அந்த இருப்பிலிருந்துதான் எடுத்துக் கொடுத்துவந்தார்கள். பதக்கம் தயாராக இருக்கிறது, காயம்பட்டவரும் இருக்கிறார், நடுவில் ஒரு தாள்தான் இல்லை. யார் யாருக்குக் கொடுத்தோம் என்ற முழுப் பட்டியல்கூட அரசிடம் கிடையாது. நியூ வின்ட்சரில் 2006இல் திறந்த பர்ப்பிள் ஹார்ட் நினைவகம் இதுவரை 18 லட்சம் பேருக்கு வழங்கியிருக்கலாம் என்று மதிப்பிடுகிறது. பெயர்களை அந்தந்தக் குடும்பத்தாரும் நண்பர்களும் அனுப்பித்தான் சேர்க்கிறார்கள்.

சரி, தாள் இல்லாதவர் என்ன செய்வார்? தரைப்படைக்காரர் என்றால் முதலில் ஃபோர்ட் நாக்ஸுக்கு எழுதுவார். அங்கே கேட்பவை: காயம்பட்ட காலத்து மருத்துவப் பதிவு, படைப்பிரிவின் இழப்பு அறிக்கை, நேரில் பார்த்த இருவரின் பிரமாண வாக்குமூலம். மறுத்துவிட்டால் ராணுவப் பதிவுத் திருத்த வாரியத்துக்கு மனுப் போடலாம். இந்த வாரியங்கள் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தவை. அதற்கு முன்னால் தனி ஒருவரின் படைப்பதிவைத் திருத்தவும் நாடாளுமன்றத்தில் தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. வாரியத்தின் ஒவ்வோர் அமர்விலும் சீருடை அணியாத சிவில் அதிகாரிகள் மூவர். பிழை தெரிந்து மூன்றாண்டுக்குள் வர வேண்டும் என்பது சட்டம், நியாயம் கருதி அதைத் தளர்த்தலாம் என்பதும் அதே சட்டம், பெரும்பாலும் தளர்த்துகிறார்கள். நேரில் வாதாட வாய்ப்புக் கிடைப்பது அரிது. தாள்களைப் பார்த்துத் தாள்களில் தீர்ப்பு.

தீர்ப்புகளைப் பெயர் நீக்கி வெளியிடுகிறார்கள். படித்தால் ஒரே தாளம் திரும்பத் திரும்பக் கேட்கும். மனுதாரரின் சொல்லை நாங்கள் சந்தேகிக்கவில்லை, ஆனால் காயம் எதிரியால் ஏற்பட்டது என்பதற்கும், அப்போதே சிகிச்சை நடந்தது என்பதற்கும் பதிவில் சான்று இல்லை, ஆகவே தள்ளுபடி. அம்மாவுக்கு எழுதிய கடிதம், உடம்பில் இன்னும் தங்கியிருக்கும் உலோகத் துண்டைக் காட்டும் எக்ஸ்ரே, ஊர்ப் பத்திரிகைத் துணுக்கு எல்லாம் துணைச் சான்றுகள்தான். வீட்டுக்கு வந்த ராணுவத் தந்தி மட்டும் கொஞ்சம் கனமாக நிற்கும். நேர்சாட்சி தேடிப் போகிறவரின் நிலையைச் சொல்ல நம்மூரில் ஒரு பழமொழி தலைகீழாகப் பொருந்தும். சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்போம். இங்கே சண்டைக்காரன் வியட்நாமிலோ வட கொரியாவிலோ இருக்கிறான். சாட்சிக்காரரில் பாதிப் பேர் அந்த மண்ணிலேயே செத்துவிட்டார்கள். மிச்சப் பேர் முதியோர் இல்லத்தில் நினைவு தப்பியிருக்கிறார்கள்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறு ஒன்று. ஓய்வூதியமும் மருத்துவமும் தரும் முன்னாள் படைவீரர் நலத்துறை அதே அமெரிக்க அரசின் இன்னொரு கை. அங்கே சட்டம் வேறு மாதிரி. சண்டையில் இருந்தவர் இந்தக் காயம் சண்டையில் ஏற்பட்டது என்றால், அது அந்தச் சூழலுக்குப் பொருந்துமானால், அரசுப் பதிவு எதுவும் இல்லாவிட்டாலும் அவர் வாய்மொழியை ஏற்க வேண்டும். சான்று இரண்டு பக்கமும் சமமாக நின்றால் ஐயத்தின் பலன் படைவீரருக்கு. பதிவுத் திருத்த வாரியத்திலோ ராணுவம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும் என்ற அனுமானத்தில் தொடங்குகிறார்கள். அதை உடைக்கும் சுமை மனுதாரர் தலையில். விளைவு: தலையில் இருக்கும் சிதறல் சண்டைக் காயம்தான் என்று ஒப்புக்கொண்டு ஒரு துறை மாதாமாதம் பணம் அனுப்புகிறது, அந்தக் காயம் நடந்ததற்குச் சான்றில்லை என்று இன்னொரு துறை கடிதம் அனுப்புகிறது. இரண்டும் ஒரே முகவரிக்குப் போகின்றன.

பதக்கத்தோடு பணம் வருவதில்லை. ஆனால் பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது. நலத்துறை மருத்துவமனைகளில் முன்னுரிமை, அரசு வேலைக்கு 10 புள்ளிச் சலுகை, 2001 செப்டம்பர் 11 முதல் பதக்கம் பெற்றவர்களுக்கு 2018 ஆகஸ்டிலிருந்து பணிக்காலம் எவ்வளவானாலும் முழுக் கல்வி உதவி. தவிர, சண்டையில் இருந்தார் என்பதற்கே அது மறுக்க முடியாத சான்றாகிவிடுகிறது. மனக்காயத்துக்கு உதவி கேட்பவர் இன்ன நாளில் இன்ன இடத்தில் என்ன நடந்தது என்று நிரூபிக்க வேண்டிய தொல்லை பெரிதும் குறையும். ஆக, ஒரு தாள் இல்லாததால் பதக்கம் இல்லை; பதக்கம் இல்லாததால் அடுத்த தாளும் கிடைக்கத் தாமதம்.

எதிரி யார் என்ற கேள்வியும் காலந்தோறும் நகர்ந்து வந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பனிக்கடி வாங்கியவர்களுக்கும் பர்ப்பிள் ஹார்ட் கொடுத்தார்கள். எழுத்தாளர் கர்ட் வானகட்டுக்குக் கிடைத்தது அதற்குத்தான், அதை அவரே பரிகசித்திருக்கிறார். பின்னால் பனிக்கடி விலக்கப்பட்டது. 1984இல் ரீகன் பயங்கரவாதத் தாக்குதல்களையும் அமைதிப்படைப் பணியையும் சேர்த்தார். எதிரியோடு நடக்கும் சண்டையில் தவறுதலாகத் தன் பக்கத்தார் குண்டு பட்டவர்களுக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. 2009 நவம்பரில் டெக்சாஸின் ஃபோர்ட் ஹூடில் ராணுவ மேஜர் ஒருவரே சுட்டு 13 பேரைக் கொன்றபோது அரசு அதைப் பணியிட வன்முறை என்ற வகையில் வைத்தது, பதக்கம் கிடையாது. வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பின் தூண்டுதலால் நடந்த தாக்குதலும் சேரும் என்று நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியபின், 2015 ஏப்ரலில் அங்கேயே விழா எடுத்துக் கொடுத்தார்கள். வியட்நாமில் தன் விமானங்களே தெளித்த ஏஜெண்ட் ஆரஞ்சால் புற்றுநோய் வந்தவருக்கு மட்டும் எந்தத் திருத்தமும் உதவாது. தெளித்தது எதிரி இல்லையே. இந்தியப் படைகளின் காயப் பதக்கமான பராக்கிரம் பதக்கும் எதிரியின் நேரடிச் செயல் என்ற இதே அச்சில்தான் சுழல்கிறது.

மனக்காயம் இந்த அச்சுக்கு வெளியே நிற்கிறது. 2008இல் அதையும் சேர்க்கலாமா என்ற பேச்சு எழுந்தது. அப்போதைய பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் பரிசீலிக்க வேண்டிய ஒன்றுதான் என்றார். 2009 ஜனவரியில் பென்டகன் முடிவைச் சொன்னது: இல்லை. எதிரி வேண்டுமென்றே ஏற்படுத்திய காயம் அல்ல, கண்டதாலும் பட்டதாலும் வரும் பின்விளைவு என்பது காரணம். பர்ப்பிள் ஹார்ட் பெற்றவர்களின் சங்கமே இதைச் சேர்க்கக் கூடாது என்ற பக்கம் நின்றது. எல்லைக்கு அப்பால் கனடா 2008இல் ஏற்படுத்திய தியாகப் பதக்கத்தில், எதிரியின் செயலால் நேரடியாக வந்ததென்று தகுதியுள்ள மருத்துவர் சான்றளிக்கும் மனநோயும் சேர்த்தி. அதனால் கனடாவின் பதக்கம் மலிந்துவிட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அமெரிக்கச் சங்கத்தாரின் தயக்கத்தை எடுத்தெறியவும் மனமில்லை. ரத்தம் கொடுத்தவர்களின் கூட்டம் என்ற எண்ணத்தில்தான் அந்தப் பதக்கத்தின் மதிப்பே நிற்கிறது என்று அவர்கள் நம்புகிறார்கள்.

மூளைக்காயம் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இராக், ஆப்கானிஸ்தான் போர்களின் பொதுக்காயமே சாலையோர வெடிகுண்டின் அதிர்வுதான். எதிரியின் வெடிப்பால் வரும் மூளை அதிர்ச்சி பதக்கத்துக்கு உரியது என்று விதியிலேயே இருந்தது. ஆனால் மயங்கி விழுந்து எழுந்தவருக்கு இரண்டு மாத்திரை கொடுத்து மறுநாள் ரோந்துக்கு அனுப்பினால் அதில் எங்கே சிகிச்சை, எங்கே பதிவு? 2011இல் பென்டகன் தெளிவுபடுத்தியது: நினைவு தப்பியிருந்தாலோ, 48 மணி நேரத்துக்கு மேல் முழுப் பணிக்குத் தகுதியில்லை என்று மருத்துவ அதிகாரி நிறுத்திவைத்திருந்தாலோ போதும், 2001 செப்டம்பர் 11 வரை பின்னோக்கிச் செல்லும். நல்ல விதி. ஆனால் அந்த 48 மணி நேரத்தையும் யாராவது எழுதியிருக்க வேண்டும். சகாக்களை விட்டுவிட்டுப் படுத்திருக்க மனமில்லாமல், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வண்டியேறியவர் அந்த 48 மணி நேரத்தைத் தானே அழித்துவிட்டார். அல்-அசாத்தில் நடந்ததும் ஏறத்தாழ இதுதான். ஏவுகணை விழுந்த தளத்தை மறுநாள் கூட்டிப் பெருக்கிக் காவலுக்கு நின்றவர்களுக்கு மருத்துவரிடம் போக நேரமில்லை. காயமே இல்லை என்று மேலிடம் அறிவித்தபின் போவதற்குக் கூச்சமும் இருந்திருக்கும்.

கண்டிப்பு ஏன் என்பதற்கும் நியாயம் உண்டு. வாங்காத பதக்கத்தைக் குத்திக்கொண்டு அலைபவர்களும், போலிப் பணிவிடுவிப்புச் சான்று அச்சடிப்பவர்களும் அமெரிக்காவில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கெதிராக 2006இல் இயற்றிய சட்டத்தை, பொய் சொல்வதும் பேச்சுரிமைதான் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் ரத்துசெய்தது. பொய்யால் ஆதாயம் அடைந்தால் மட்டும் குற்றம் என்று 2013இல் புதிதாக எழுதினார்கள். உண்மையாக வாங்கியவரையும் விடுவதில்லை. வியட்நாமில் மூன்று பர்ப்பிள் ஹார்ட் பெற்ற ஜான் கெர்ரி 2004இல் அதிபர் தேர்தலில் நின்றபோது, அவருடைய முதல் காயம் சிறு கீறல் என்று எதிரணி கிளப்பியது. குடியரசுக் கட்சி மாநாட்டில் ஊதா இதயம் போட்ட பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு கேலி செய்தார்கள். காயத்தின் அளவு கணக்கில்லை என்ற விதி அந்தக் கூட்டத்தில் யாருக்கும் நினைவில்லை.

மோசடிக்காரர்களைத் தடுக்கும் கண்டிப்பு வேறு, கோப்பை எரியவிட்ட அரசு அந்தக் கோப்பையே கொண்டுவா என்று கேட்கும் கண்டிப்பு வேறு. படைப்பிரிவு அந்த நாளில் அந்த இடத்தில் சண்டையில் இருந்தது என்று அன்றாட அறிக்கை காட்டினால், உடம்பில் உலோகம் இருக்கிறது என்று எக்ஸ்ரே காட்டினால், நலத்துறை அதைச் சண்டைக் காயம் என்று ஏற்றிருந்தால், வாரியத்திலும் ஐயத்தின் பலன் மனுதாரருக்குப் போவதே நேர்மை. இதற்காகச் சட்டம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஓய்வூதியத்துக்கு ஏற்கெனவே இருக்கும் விதியை இங்கேயும் பொருந்தச் செய்தால் போதும். தள்ளிப்போட நேரமும் இல்லை. 1953இல் கொரியாவில் 18 வயதில் துப்பாக்கி பிடித்தவருக்கு இன்று 90 ஆகிவிட்டது. நேரில் பார்த்த இருவரிடம் பிரமாண வாக்குமூலம் வாங்கிவா என்றுதான் அவரிடமும் சொல்கிறார்கள்.